குழு வந்த நாளில் பள்ளம் காய்ந்திருந்தது

பிளீச்சிங் பவுடர். அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்குள் யாரோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இன்று காலை பால் வாங்கப் போனபோது பிளாக் திருப்பத்தில், வேப்பமரங்களுக்குக் கீழே, இரண்டு பெண்கள் சாலையின் ஓரமாக வெள்ளைக்கோடு தூவிக்கொண்டே போனார்கள். யாரோ வருகிறார்கள். எங்கள் ஊரில் வருகிறவரின் பதவியைக் கோட்டின் தடிமனை வைத்தே சொல்லிவிடலாம். மெல்லிய கோடு என்றால் பள்ளி ஆண்டுவிழாவுக்கு விருந்தினர். தடித்த கோடும், மரத்துக்கு மரம் காவியும் வெள்ளையுமாய்ப் பட்டையும் என்றால் வருகிறவர் விமானத்தில் வந்து இறங்கியவர். நான் பால் பாக்கெட்டோடு நின்று மூச்சை இழுத்தேன். அந்த ஐப்பசிக் காலை அப்படியே வந்துவிட்டது. மாமா, மோட்டார், அக்காவின் சிவந்த முகம், சைரன் இல்லாமல் வரிசையாக வந்து நின்ற வெள்ளைக் கார்கள்.

நான் நகரியத்துக்காரன். மனைவிக்கு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் பெர்மனென்ட் வேலை, அவள் பெயரில் குவார்ட்டர்ஸ், அதில் நான் குடியிருக்கிறேன். அக்கா மந்தாரக்குப்பத்துக்காரி. நகரியத்தின் நேர்கோட்டுச் சாலைகள் எங்கே முடிகின்றனவோ அங்கே வாடகை வீடுகளும் கடைகளும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும் ஊர். கடைவீதியில் அக்காவுக்கு ஒரு தையல் கடை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலை வாங்கிக்கொண்டு போனது. வாயை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது என்பது அவள் கணவரான மாமாவின் நகைச்சுவை. அதை அவள் எதிரில் சொல்லமாட்டார்.

அவளிடம் ஒரு ஸ்கூட்டர் உண்டு. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் துணைச்சக்கரம் வைத்தது. அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அக்காவை ஊரில் யாரும் முந்த முடியாது. அவள் தெருவுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதுதான் பிரச்சினை. இரண்டு மழை பெய்தால் முட்டியளவு தண்ணீர். தண்ணீர் போக வழி இல்லை, வந்த இடத்திலேயே உட்கார்ந்து கார்த்திகை முழுக்கக் கதை பேசிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். அக்காவின் ஸ்கூட்டரை நாலு ஆண்கள் சேர்ந்து தூக்குவார்கள். அக்காவோடு சேர்த்து.

"பல்லக்கு மாதிரிக்கா," என்று பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சிரிப்பார்.

"பல்லக்குல போறவ நெனைச்ச எடத்துல எறங்குவா. நீங்க வச்ச எடத்துலதான் நான் எறங்கணும்," என்பாள் அக்கா.

காலையில் தூக்க மாமாவும் ஷிப்டு முடிந்து வந்தவர்களும் இருப்பார்கள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுத் தண்ணீரின் அந்தக் கரையில், யாராவது வரும்வரை, ஹாரனில் கைவைக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஹாரன் அடித்தால் தெருவே ஓடிவரும். அதனாலேயே அடிக்கமாட்டாள். நாற்பது தாண்டிய ஒரு பெண்ணுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், யார் கையும் படாமல் தன் கடைக்குப் போய் தன் வீட்டுக்குத் திரும்புவது. அதற்கு அந்தப் பள்ளத்தில் ஒரு சிறுபாலம் வேண்டும். இவ்வளவுதான் கதை. இதற்காகத்தான் சட்டமன்றமே எங்கள் தெருவுக்கு வந்தது.

நாளிதழின் ஒரு மூலையில் அறிவிப்பு வந்திருந்தது. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருகிறது, பொதுப் பிரச்சினைகளை எழுதி அனுப்பலாம், தனிநபர் குறைகள் ஏற்கப்படமாட்டா. அக்கா வெட்டி எடுத்து வைத்திருந்தாள். ப்ளவுஸ் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலால் வெட்டியிருந்ததால் ஓரம் அத்தனை நேராக இருந்தது.

"எழுதுடா. நீதான் கவிதை எழுதுறவனாச்சே."

எழுதினேன். கார்மேகம் கவிழ்ந்ததும் எங்கள் வீதி கண்ணீர்க் குளமாகிறது என்று தொடங்கினேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. வாசித்துக் காட்டினேன்.

"கண்ணீரு யாருது? வீதி அழுவுதா, நீ அழுவுறியா?"

"அது ஒரு உவமைக்கா."

"உவமைய உன் பத்திரிகைக்கு வச்சிக்க. முட்டியளவு தண்ணின்னு எழுது. சைலென்சர்ல தண்ணி பூந்துடுதுன்னு எழுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, மாசமா இருக்கிற பொண்ணுங்க, எல்லாம் இந்த வழியாத்தான் போவுதுங்கன்னு எழுது. தனிநபர்னு தள்ளிடப் போறாங்க."

தள்ளவில்லை. அழைப்பு வந்தது. காலையில் குழு சில இடங்களை நேரில் பார்க்கும், அவற்றில் எங்கள் பள்ளமும் ஒன்று. மதியம் கடலூரில் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணை. அக்கா போனில் சொன்ன குரலை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. "டேய்! வராங்களாம்டா! நம்ம பள்ளத்தப் பாக்க!" யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி சொன்னாள். மழையும் துணைக்கு வந்தது. முந்தின இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது. பள்ளம் நிரம்பித் தளும்பியது. அக்கா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அந்தத் தண்ணீரை அவள் அன்போடு பார்த்தாள்.

விடிந்ததும் என் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. தூரத்தில் சுரங்கத்து மண்மேடுகள் யானைகள் படுத்திருப்பதுபோலப் படுத்திருந்தன. பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர், ஈரச் சுண்ணாம்பு.

பள்ளத்தில் தண்ணீர் இல்லை.

ஒரு சொட்டு இல்லை. சேற்றின் மேல் எங்கிருந்தோ அள்ளி வந்த காய்ந்த மணல் பரப்பி, மட்டம் தட்டி, இரு ஓரமும் கயிறு பிடித்தாற்போல வெள்ளைக்கோடு. நட்டநடுவில் கோலம். கோலத்தில் பூசணிப்பூ வைக்காததுதான் பாக்கி. பக்கத்தில் மாமா நின்றிருந்தார், பேண்ட்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு, தூங்காத கண்களோடு, கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அவர் காலடியில் டீசல் மோட்டாரும் சுருட்டி வைத்த குழாயும்.

"எப்டி?" என்றார் என்னிடம். முகமெல்லாம் சிரிப்பு.

மாமா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், பம்ப் பிரிவில். நிலத்தடித் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் எங்கள் ஊரில் நிலக்கரி கண்ணில் படும். தண்ணீர் நின்றால் அவருக்குக் கை அரிக்கும். அதோடு, மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் இங்கே எல்லோருக்கும் உடம்பில் ஒரு சுவிட்ச் விழும். கூட்டு, கழுவு, கோடு போடு. சுரங்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு நடக்கும் பாதுகாப்பு வார ஆய்வுகளில் பழகியது. தெருவே அன்று மாமாவோடு சேர்ந்துகொண்டது. ஆண்கள் குழாய் பிடித்தார்கள், பெண்கள் கோலம் போட்டார்கள். எதற்காகக் குழு வருகிறது என்பதை அத்தனை பேரும் மறந்துபோனார்கள். குழு வருகிறது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

"மாமா, அவங்க தண்ணியப் பாக்கத்தானே வராங்க," என்றேன்.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. ஒவ்வொரு பல்லாக மறைந்தது. பள்ளத்தைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், வீட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் அக்கா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை. முகம் செம்பருத்தி.

"நைட்டு மோட்டார் சத்தம் கேக்குது, எவனோ வயல்ல நின்ன தண்ணிய எறைக்கிறான்னு படுத்துக்கினேன்டா தம்பி. ஷிப்டுக்குப் போனாருன்னு நெனைச்ச ஊட்டுக்காரரே எறைச்சிக்கினு இருந்திருக்காரு."

"பெரிய மனுசங்க வராங்க, சேத்துல கால வைக்கட்டும்னு உடுவாங்களா..." என்றார் மாமா.

"சேத்துல நான் வைக்கலாம். அவங்க வைக்கக் கூடாது."

ஆட்டோக்காரர் முன்னால் வந்தார். "அக்கா, ஒண்ணும் ஆவல. எனக்குத் தெரிஞ்சவன் தண்ணி லாரி வச்சிருக்கான். ஒரு போன் போட்டா ஓடியாந்துடுவான். ரெண்டு லோடு உட்டம்னா பழைய மாதிரி ரொம்பிடும்!"

தெருவே கலகலத்தது. ஒருத்தர் போனை எடுத்துவிட்டார். கோலம் போட்ட பெண்கள் ஐயோ கோலம் என்றார்கள். எனக்கும், ஒளிப்பானேன், அந்த யோசனை பிடித்திருந்தது. இறைத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றுவதில் ஒரு காவிய அழகு இருப்பதாகப்பட்டது.

"வேணாம்," என்றாள் அக்கா. "லாரித் தண்ணி வேணாம். நாளைக்கி எவனாவது சொல்லுவான், தண்ணி ஊத்திப் பாலம் வாங்கினாளேன்னு. அந்தப் பாலத்துல நான் போவமாட்டேன்."

அப்போதுதான் கார்கள் வந்தன.

குழுவின் தலைவர் முதலில் இறங்கினார். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி. பின்னால் உறுப்பினர்கள். அவர்களில் ஒரு பெண்மணி, கைத்தறிச் சேலை, கையில் மனுக்களின் கட்டு. பிறகு அதிகாரிகள், சாலைப் பொறியாளர், போலீஸ், செய்தியாளர்கள். எங்கள் தெரு அதற்கு முன் இத்தனை செருப்புகளைப் பார்த்ததில்லை. தலைவர் மனுவை வாசித்தார், கண்ணாடிக்கு மேலாகப் பள்ளத்தைப் பார்த்தார், கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா தண்ணி?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். "நாந்தான் சார் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க வரீங்கன்னு சார்."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்தியாளர்களும் சிரித்தார்கள். அவர் அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, "மதியம் வாங்கம்மா, பேசுவோம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வந்த வேகத்தில் போய்விட்டார்கள். கோலம் கலையாமல் கிடந்தது. அது கலைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவிலேயே கடலூருக்குப் போனோம். அக்கா ஒரு ஓரம், நான் நடுவில், மாமா மறு ஓரம். குள்ளஞ்சாவடிச் சந்திப்பில் டீ குடிக்க நிறுத்தினபோது மாமா இறங்கிப்போய் சூடாக வடை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார், அக்காவிடம் கொடுக்கச் சொல்லி. அக்கா வாங்கிக்கொண்டாள். அவர் பக்கம் பார்க்காமலே பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தாள், அவரிடம் கொடுக்கச் சொல்லி. பகை அந்த அளவில் இருந்தது.

ஆட்சியர் அலுவலக அரங்கு குளிர்ந்து கிடந்தது. மேலே வளைவான மேசையில் குழு. ஒரு பக்கம் துறை துறையாக அதிகாரிகள், ஒவ்வொருவர் முன்னும் ஒரு மைக், ஒரு கோப்பு. எதிரில் நாங்கள், மனுதாரர்கள். ஒருத்தருக்கு மயானத்துக்குப் பாதை வேண்டும், ஒருத்தருக்கு ஏரிக்கரை பலப்பட வேண்டும், ஒரு ஊருக்குப் பேருந்து நிற்க வேண்டும். எண் கூப்பிடுவார்கள், மனுதாரர் எழுவார், அதிகாரி பதில் வாசிப்பார், தலைவர் கேள்வி கேட்பார். சில கேள்விகளில் அதிகாரிகளுக்கு வியர்த்தது. சில பதில்களில் மனுதாரர்களுக்குக் கண் நிறைந்தது. சட்டமன்றம் என்பது சென்னையில் எங்கோ கோட்டைக்குள் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது இங்கே வந்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மயானத்துக்கு ஏன் பாதை போடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது. கைதட்டலாமா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். கூடாது என்றார்.

எங்கள் எண் வந்தது. அக்கா ஊன்றுகோலில் எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

பொறியாளர் இளைஞர், மரியாதையானவர். பதிலை வாசித்தார். "இன்று காலை குழு பார்வையிட்டபோது மேற்படி இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. எனவே சிறுபாலத்துக்கான அவசியம் உடனடியாக எழவில்லை."

அரங்கில் லேசான சலசலப்பு. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் எங்களை நோக்கித் திரும்பினார். "காலையில தண்ணி எடுத்தேன்னாரே, அவர் வந்திருக்காரா?"

மாமா எழுந்தார். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். அவர் அதைக் குழாய் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார்.

"எப்ப ஆரம்பிச்சீங்க? எப்ப முடிஞ்சுது?"

மேலதிகாரி கேட்டுவிட்டார். மாமாவுக்கு முதுகு நிமிர்ந்தது. "வெளக்கு வைக்கிற நேரத்துல ஸ்டார்ட் பண்ணேன் சார். வுடியக்காலம் வரைக்கும் நிக்காம ஓடிச்சி. நடுவுல டீசல் ஊத்தினது மட்டுந்தான். சேறு அடைச்சிக்கிச்சி, அத ஆள வுட்டு வழிச்சோம். சாதாரண தண்ணி இல்ல சார் அது!"

கடைசி வாக்கியத்தில் வீரனுக்குரிய பெருமிதம் இருந்தது. தலைவர் மெல்லப் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி பூரா மோட்டார் ஓடியிருக்கு தம்பி. தேங்காத தண்ணியையா அவர் இறைச்சாரு?"

பொறியாளர் சிரித்துவிட்டார், வேறு வழியில்லாமல். அரங்கமும் சிரித்தது. மாமா எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது குழுவில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர், நல்ல எண்ணத்தோடுதான், மைக்கை இழுத்தார்.

"பாலம்னா நாளாகும். இவருதான் கெட்டிக்காரரா இருக்காரே. தெருவுக்கு ஒரு நல்ல மோட்டாரா வாங்கிக் கொடுத்துட்டா என்ன? உடனே முடிஞ்சிடும்."

தலைவர் யோசித்தார். சில அதிகாரிகள் தலையாட்டினார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்துவிட்டது, பாவி மனுஷன்! சர்க்கார் மோட்டார், அதுவும் அவர் பொறுப்பில். வாயைத் திறக்கப் போனார். அக்கா ஊன்றுகோலை அவர் பாதத்தின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள். அவர் வாய் மூடிக்கொண்டது.

"சார்," என்றாள். மைக் கொடுக்க ஆள் வருவதற்குள் அவள் குரலே போதுமானதாக இருந்தது. "மோட்டாரு அவருக்கு சார். ரோடு எனக்கு."

ஊன்றுகோலை எடுத்துச் சரியாக ஊன்றிக்கொண்டாள்.

"நல்ல மனுசன் சார் அவரு. கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து தூக்கிக்கினுதான் இருக்காரு, ஒரு நாள் மூஞ்ச சுளிச்சதில்ல. தெருவுல எல்லாரும் தங்கமானவங்க. ஆனா இன்னிக்கிக் காலையில இருந்து அவரு மேல எனக்குக் கோவம். பேச்சுவார்த்தை இல்ல. சண்ட போட்டுக்கினு, மூஞ்ச திருப்பிக்கினு, பொம்பள நான் பாட்டுக்கு என் கடைக்குப் போவணும் சார். எப்டிப் போவேன்? சண்ட போட்டவரையே கூப்ட்டு, கொஞ்சம் தூக்கி உடுங்கன்னு சொல்லவா?"

கைத்தறிச் சேலைப் பெண் உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார். அது கேலிச் சிரிப்பு இல்லை, தன் வீட்டுச் சண்டையை அதில் அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. அவர் தலைவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மோட்டார் யோசனை சொன்ன உறுப்பினர் தலையைச் சொறிந்துகொண்டார். "அந்தம்மா சொல்றதும் சரிதான். எங்க வூட்லயும் கேட்டா இதைத்தான் சொல்லுவாங்க," என்றார். அரங்கு மறுபடி வெடித்தது. இந்த முறை நான் கைதட்டிவிட்டேன். ஒரு காவலர் என்னை முறைத்தார்.

தலைவர் பேனாவைத் திறந்தார். "சிறுபாலம் அமைக்கக் குழு பரிந்துரைக்கிறது. மதிப்பீடு தயார் பண்ணி, எடுத்த நடவடிக்கையைக் குழுவுக்கு அறிக்கையா அனுப்பணும்." பொறியாளர் குறித்துக்கொண்டார். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். மாமா தன் துண்டை எடுத்து நீட்டினார். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. இன்னொரு மழைக்காலம் பல்லக்கில் போனாள், நானும் இரண்டு முறை தூக்கினேன், திட்டு வாங்கினேன். ஆனால் வந்தது. ஒரு லாரி அகலம், இரு பக்கமும் கைப்பிடிச் சுவர், அடியில் தண்ணீர் போக வட்டக் குழாய்கள். அதன் மேல் அக்கா போகும்போது எதிரில் யாருமே இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கிறாள். யாரும் ஓடிவருவதில்லை. அந்த ஹாரன் சத்தத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதிப் பார்த்தேன். ஹாரன்தான் நன்றாக இருந்தது.

ஆனாலும் என் மனசு அந்தச் சாயங்காலத்துக்கே ஓடுகிறது. அலுவலகப் படிக்கட்டில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ஆட்டோக்காரர் ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தார். குழுவினர் கார்களை நோக்கி இறங்கி வந்தார்கள். தலைவர் எங்களைக் கண்டு நின்றார். அக்கா கும்பிட்டாள்.

"அடுத்த மழையில ஒரு தடவை வந்து பார்க்கிறேம்மா, என்ன ஆச்சுன்னு," என்றார்.

"கண்டிப்பா வாங்க சார்," என்றாள் அக்கா. மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஆனா சொல்லாம வாங்க."